நகலெடுக்க அனுமதி: ஓர் அமானிதத்தின் வரலாறு

பழைய ஆவணம் ஒன்றின் படத்தைத் தம் நூலில் அச்சிட விரும்பும் ஆய்வாளர் அதற்குரிய காப்பகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். விண்ணப்பப் படிவம், கட்டணம், வாரக்கணக்கில் காத்திருப்பு, பின்னர் நிபந்தனைகள் நிறைந்த ஒரு கடிதம் என இந்நடைமுறை நீள்கிறது. ஆய்வுலகில் இருப்போர் பலரும் இதனை வெறும் அலுவலகச் சடங்காகவே கருதுகின்றனர். நானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு கணக்கேடு.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கடற்கரை ஊர் ஒன்றில் முதியவர் ஒருவர் தம் பாட்டனாரின் வணிகக் கணக்கேட்டைப் படித்துப் பார்க்க எனக்குத் தந்தார். அது அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. எழுத்தின் அழகிலும் சொல்லாட்சியிலும் மனம் பறிகொடுத்த நான் நான்கு பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டேன். அவற்றுள் ஒன்றை ஒரு விழா மலரில் என் கட்டுரையுடன் அச்சிட்டேன். முதியவரின் பெயரைக் குறிப்பிட்டு நன்றியும் தெரிவித்திருந்தேன். என் கடமை அத்துடன் நிறைவேறிற்று என்பது என் எண்ணம். ஆனால் அச்சான பக்கம் கடன்பட்டோரின் பட்டியல். அதில் பெயர் இடம்பெற்ற ஒருவரின் பேரர்கள் அதே தெருவில் வசித்து வந்தனர். மலர் வெளியான வாரத்திலேயே அவர்கள் முதியவரிடம் வந்து மனம் நொந்து பேசிச் சென்றனர். முதியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஹஜ்ரத், படிக்கத்தானே கேட்டீங்க? ஊருக்குக் காட்டணும்னு கேக்கலியே" என்று மட்டும் சொன்னார்.

படிப்பதற்குப் பெற்ற அனுமதி ஒன்று. பரப்புவதற்குப் பெற வேண்டிய அனுமதி வேறொன்று. இந்த வேறுபாட்டை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தி வந்தேன் என்பதுதான் வெட்கத்திற்குரிய செய்தி. ஏனெனில், உஸூலுல் ஹதீஸ் கலையில் ஒரு பெரும் பகுதி இதைப் பற்றியதே ஆகும்.

முஹத்திஸ்கள் வகுத்த எட்டு வழிகள்

ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், 'முகத்திமா' எனப் புகழ்பெற்ற தம் நூலில், ஓர் அறிவிப்பை ஒருவர் மற்றவரிடமிருந்து பெறும் வழிகளை எட்டாக வகுத்துள்ளார்கள். ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது ஸமாஉ. மாணவர் படிக்க ஆசிரியர் கேட்பது கிராஅத். அறிவிப்பதற்கு ஆசிரியர் அனுமதி வழங்குவது இஜாஸா. நூலையே கையில் கொடுப்பது முனாவலா. எழுதி அனுப்புவது முகாதபா. இது தம் அறிவிப்பு என்று ஆசிரியர் தெரிவிப்பதோடு நிறுத்திக்கொள்வது இஃலாம். இறக்கும்போதோ பயணத்தின்போதோ நூலை ஒருவருக்கு விட்டுச்செல்வது வஸிய்யா. இவை எதுவுமின்றி, ஒருவரின் கையெழுத்துப் பிரதியைத் தற்செயலாகக் கண்டெடுப்பது விஜாதா.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நூல் ஒருவரின் கையில் இருப்பதும், அதிலுள்ளதை அறிவிக்கும் தகுதி அவருக்கு இருப்பதும் ஒன்றல்ல. கொடுத்தவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதே நிலையைத் தீர்மானிக்கிறது. இஜாஸாவுடன் கூடிய முனாவலா உயர்ந்த நிலையில் வைக்கப்பட்டது. அனுமதிச் சொல் இல்லாத முனாவலாவைக் கொண்டு அறிவிக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. என் கையில் கணக்கேட்டைத் தந்த முதியவர் செய்தது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

காப்பகத்தில் அமர்ந்து ஆவணங்களைப் படிக்கும் இக்கால ஆய்வாளரின் நிலையோ எட்டாவதான விஜாதாவை ஒத்தது. எழுதியவரை அவர் சந்தித்ததில்லை. அவரிடமிருந்து எதையும் கேட்டதில்லை. தாளை மட்டுமே கண்டெடுக்கிறார். இந்நிலையில் இருப்பவர் "எனக்கு அறிவித்தார்" என்று சொல்லக்கூடாது என்றனர் முஹத்திஸ்கள். "இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்" என்றே சொல்ல வேண்டும். அது இன்னாரின் கையெழுத்துதான் என்ற உறுதி இல்லையெனில் அந்த ஐயத்தையும் சொல்லில் வெளிப்படுத்த வேண்டும். இன்று ஆவணப் படத்தின் கீழே காப்பகத்தின் பெயர், தொகுப்பின் பெயர், கோப்பு எண், தாள் எண் ஆகியவற்றை இடுகிறோம். அது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமை அன்று. விஜாதாவுக்குரிய ஒழுக்கத்தின் இக்கால வடிவமே அது.

மற்றொரு செய்தியும் உண்டு. எழுதி முடித்த பிரதியை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் முகாபலாவை ஹதீஸ் அறிஞர்கள் கட்டாயமாக்கினர். ஒப்பிடாத பிரதி எழுதப்படாத பிரதிக்குச் சமம் என்ற கருத்து உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. படக்கருவி வந்துவிட்டதால் இத்தேவை நீங்கிவிட்டதாக எண்ணுதல் தவறு. ஓரங்களை வெட்டிவிட்ட படத்தில் ஓரக்குறிப்புகள் மறைந்து போகின்றன. முத்திரை மறைந்து போகிறது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பது தெரியாமற் போகிறது. எங்கள் படத்தை வெட்டவோ திருத்தவோ கூடாது என்று காப்பகங்கள் விதிக்கும் நிபந்தனையில் முகாபலாவின் சாயலை நான் காண்கிறேன்.

அனுமதி எத்துணை நுட்பமாகப் பதிவு செய்யப்பட்டது என்பதற்குத் திமிஷ்கின் ஸமாஉச் சான்றிதழ்கள் சாட்சி. ஒரு நூல் எந்த இடத்தில், எந்நாளில், யார் முன்னிலையில் வாசிக்கப்பட்டது, யார் யார் கேட்டனர், யார் இடையில் வந்தார் என்பன அந்நூலின் தாள்களிலேயே எழுதப்பட்டன. ஹிஜ்ரி 550 முதல் 750 வரையிலான இத்தகைய சான்றிதழ்களைத் தொகுத்து 1996இல் திமிஷ்கில் ஓர் அகராதி வெளியிடப்பட்டது. அதைத் தொடர்ந்து சான்றிதழ்களின் படங்கள் அடங்கிய தொகுதியும் அச்சாயிற்று. அனுமதிப் பதிவுகளே ஆய்வுக்குரிய ஆவணங்களாகி, அவற்றின் படங்களை அச்சிடும் தேவையும் எழுந்தது.

வக்ஃபுப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை

நூலைப் பாதுகாப்பதும் நூலைப் பரப்புவதும் ஒன்றோடொன்று மோதும் இடம் நூலகம். இம்மோதலை முன்னோர் எவ்வாறு தீர்த்தனர் என்பதற்கு இப்னு கல்தூன் எழுதிய வக்ஃபுப் பத்திரம் சிறந்த சான்று.

அவர் கெய்ரோவில் வாழ்ந்த காலத்தில், ஹிஜ்ரி 799இல் (கி.பி. 1396), தம் பெருநூலான 'கிதாபுல் இபர்' வரலாற்றின் பிரதி ஒன்றை மொராக்கோவின் ஃபாஸ் நகரிலுள்ள கரவிய்யீன் பள்ளிவாசலின் நூலகத்திற்கு வக்ஃபு செய்தார். அதன் பத்திரத்தில் இரவலுக்கான விதிகளும் இடம்பெற்றன. நம்பிக்கைக்குரியவருக்கே நூலைத் தர வேண்டும்; தகுந்த ஈட்டுப்பொருளைப் பெற்றுக்கொண்டே தர வேண்டும்; இரண்டு மாதங்களுக்கு மேல் தரலாகாது. இரண்டு மாதம் என்ற வரையறைக்குக் காரணம் என்ன? இரவல் பெற்றவர் அந்நூலைப் படிக்கவோ பார்த்து எழுதிக்கொள்ளவோ போதுமான காலம் அது.

இக்காலக் காப்பகம் ஒன்றின் அனுமதிக் கடிதத்தில் உள்ளவை யாவும் இதில் அடங்கியுள்ளன: விண்ணப்பதாரரின் தகுதி, பிணைத்தொகை, காலவரம்பு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இப்னு கல்தூனின் பத்திரம் நகலெடுத்தலை ஐயத்துடன் பார்க்கவில்லை. ஒருவர் இரவல் பெற்றால் நகலெடுப்பார் என்பதை இயல்பாக ஏற்றுக்கொண்டு, அதற்குரிய காலத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. நூல் திரும்பி வர வேண்டும். நகல் உலகில் பரவ வேண்டும். இரண்டும் வாகிஃபின் விருப்பங்களே.

எல்லா வாகிஃப்களும் இவ்வாறு விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர். அவர் பத்திரம் எழுதுவதற்குச் சற்று முன்னர், ஹிஜ்ரி 797இல், அதே கெய்ரோவில் நிறுவப்பட்ட மஹ்மூதிய்யா மத்ரஸாவின் நூலகத்தில், எந்த நூலும் வெளியே செல்லக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் இந்நூலகத்தின் பொறுப்பாளராக இருந்து அதற்கு நூற்பட்டியல் அமைத்தவர்கள். பின்னர் வந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் இந்நிபந்தனையைக் குறித்தே ஒரு தனிச் சிறுநூல் இயற்றினார்கள். நூலால் பயன் விளைவதே வக்ஃபின் நோக்கம். உள்ளே இருந்து பெற இயலாத பயனுக்காக நூலை வெளியே கொண்டு செல்ல இடமுண்டு என்பது அவர்களின் வாதம். நிபந்தனையின் சொல்லைக் காப்பதா, நோக்கத்தைக் காப்பதா என்ற விவாதம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் உலமாக்களிடையே நடந்து முடிந்த ஒன்று.

மூன்றாவதாக ஒரு பத்திரத்தைக் குறிப்பிட வேண்டும். உஸ்மானியப் பேரரசின் பொஸ்னிய ஆளுநராக விளங்கிய காஸி ஹுஸ்ரவ் பேக், 1537இல் சரயேவோ நகரில் மத்ரஸா ஒன்றை நிறுவினார். கட்டுமானச் செலவு போக எஞ்சும் பணத்தில் நல்ல நூல்கள் வாங்கப்பட வேண்டும். மத்ரஸாவில் படிப்போர் அவற்றைப் பயன்படுத்த வேண்டும். கல்வியில் ஈடுபட்டோர் அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவரது வக்ஃபுப் பத்திரம் கூறுகிறது. நகலெடுப்பது இங்கே அனுமதியாக மட்டுமன்றி நூலகத்தின் நோக்கமாகவே எழுதப்பட்டுவிட்டது. அந்த ஒரு வரியின் பொருளைச் சரயேவோ நகரம் நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின் மிகுந்த துயரத்துடன் உணர்ந்தது.

சரயேவோ, 1992

சரயேவோவின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1950இல் தொடங்கப்பட்டது. அரபு, துருக்கி, பாரசீக மொழிகளிலும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட பொஸ்னிய மொழியிலும் அமைந்த ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் அங்கே இருந்தன. உஸ்மானிய ஆட்சிக் காலத்தின் நிலப் பதிவேடுகளும் நிர்வாகத் தாள்களுமாக ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆவணங்களும் இருந்தன. தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதிவந்த ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் நினைவகம் அது. அரபுத் தமிழை அறிந்த நமக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1992 ஏப்ரலில் நகரம் முற்றுகைக்கு உள்ளானது. மே 17 அன்று அந்நிறுவனத்தின் மீது எரிகுண்டுகள் வீசப்பட்டன. சுவடிகளும் ஆவணங்களும் ஏறத்தாழ முழுமையாகச் சாம்பலாயின. அதே ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் பொஸ்னியாவின் தேசிய, பல்கலைக்கழக நூலகமும் எரிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 15 லட்சம் நூல்களில் பெரும்பகுதி அழிந்தது. காஸி ஹுஸ்ரவ் பேக் நூலகத்தின் சுவடிகள் மட்டும், அதன் ஊழியர்கள் குண்டுமழையினூடே பெட்டிகளில் சுமந்து பலமுறை இடம் மாற்றியதால் தப்பின.

1994இல் அந்திராஷ் ரீட்ல்மயர், அமிலா புதுரோவிச், இர்வின் ஷிக் ஆகிய மூன்று அறிஞர்கள் வட அமெரிக்காவில் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். பொஸ்னியச் சுவடிகளை ஒன்றுதிரட்டும் திட்டம் அது. மூலங்களே எரிந்துபோன பின் எதைத் திரட்டுவது? போருக்கு முந்திய ஆண்டுகளில் உலகின் பல நாடுகளிலிருந்து ஆய்வாளர்கள் சரயேவோவுக்குச் சென்றிருந்தனர். பலர் கடிதம் எழுதியும் கேட்டிருந்தனர். அவர்கள் தத்தம் ஆய்வுக்காக நுண்படச் சுருளாகவும் ஒளிநகலாகவும் பெற்றிருந்த பிரதிகள் அவர்களின் இழுப்பறைகளில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, மீண்டும் நகலெடுத்து, சரயேவோவுக்குத் திருப்பி அனுப்புமாறு அத்திட்டத்தினர் வேண்டினர்.

அழிந்த மொத்தத்துடன் ஒப்பிட இவ்வழியில் மீள்வது சிறு பகுதியே. ஆயினும் அந்தச் சிறு பகுதி எதனால் எஞ்சிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் ஓர் அனுமதிக் கடிதம் எழுதினார். அங்கிருந்த காப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து விழுந்த பக்கங்கள் பிழைத்தன. யாரும் கேளாத பக்கங்களும், கேட்டும் கொடுக்கப்படாத பக்கங்களும் சாம்பலோடு சாம்பலாயின. அனுமதி கொடுத்த காப்பாளர் தம் நிறுவனத்தின் உடைமையில் எதையும் இழக்கவில்லை. தாம் அறியாமலேயே அதன் ஒரு பகுதியைக் காப்பாற்றினார்.

இதில் கேட்டவரின் பங்கும் உண்டு. திருப்பி அனுப்பப்படும் நகலில் எந்தச் சுவடி, எந்தத் தாள் என்ற குறிப்பு இல்லையெனில் அதனால் விளையும் பயன் குறைவு. தம் பிரதியின் ஓரத்தில் எண்ணைத் தவறாமல் குறித்து வைத்தவரே அமானிதத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுத்தவர் ஆவார்.

மூன்று பூட்டுகள்

இனி, இக்காலத்தில் அனுமதி கேட்பவர் எதிர்கொள்ளும் சட்ட நிலையைச் சுருக்கமாகக் காண்போம். ஓர் ஆவணப் படத்தின் மீது மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கக்கூடும். தாள் யாருடையது? அதிலுள்ள சொற்கள் யாருடையவை? படம் யாருடையது? இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

தாளின் உடைமையாளர் காப்பகமோ குடும்பமோ ஆகலாம். ஆனால் கடிதம் ஒன்றின் தாள் பெற்றவருக்கு உரியதாயினும், அதன் வாசகத்தின் மீதான பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்குமே உரியது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. 1992ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் இது 50 ஆண்டுகளாக இருந்தது. பொதுமக்கள் சென்று பயன்படுத்தும் நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ உள்ள வெளியிடப்படாத எழுத்தை ஆய்வுக்காகவும், வெளியிடும் நோக்கத்துடனும் நகலெடுக்க அதே சட்டம் வழிவகுக்கிறது. எழுதியவர் இன்னார் என்று தெரிந்திருந்தால், அவர் இறந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை.

பிரிட்டனின் நிலை வேறு. அங்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, முன்பு வெளியிடப்படாத பழைய எழுத்துகள் பலவற்றுக்கு, எழுதியவர் எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் இறந்திருந்தாலும், 2039ஆம் ஆண்டின் இறுதிவரை பதிப்புரிமை நீட்டிக்கப்பட்டது. முதல் உலகப்போர் வீரர்களின் கடிதங்களைக்கூட வாரிசுகளைத் தேடிப் பிடிக்காமல் காட்சிப்படுத்த இயலாத நிலை உண்டாயிற்று. இதனைக் கண்டித்து, போர் தொடங்கிய நூற்றாண்டு நிறைவான 2014இல், அந்நாட்டு நிறுவனங்கள் சில கடிதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத் தாள்களை வைத்துக் காட்சி நடத்தின. அரசு அலுவலர்கள் தம் பணியில் எழுதிய ஆவணங்களுக்கு இத்தகைய இடர் குறைவு. அவற்றுள் பெரும்பாலானவை திறந்த அரசு உரிமத்தின்கீழ் மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தத்தக்கவை.

மூன்றாவது பூட்டே மிகுதியும் விவாதத்திற்குரியது. நூற்றாண்டுகள் பழமையான ஒரு தாளை உள்ளது உள்ளபடி படம் எடுத்தால், அந்தப் படத்திற்குப் புதிதாக ஒரு பதிப்புரிமை பிறக்குமா? பழைய ஓவியங்களை அப்படியே காட்டும் படங்களில் புதிய படைப்பு எதுவும் இல்லை என்று 1999இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்த காட்சிக் கலைப் படைப்புகளின் வெறும் நகல்களுக்குப் புதிய உரிமை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் நெறிமுறை வகுத்தது. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமும், மென்பொருள் தொடர்பான ஒரு வழக்கில், ஒருவரின் சொந்த அறிவுப் படைப்பாக இருந்தாலன்றிப் பதிப்புரிமை இல்லை என்ற அளவுகோலை உறுதி செய்தது.

அவ்வாறாயின் காப்பகங்கள் எதன் அடிப்படையில் அனுமதியும் கட்டணமும் கேட்கின்றன? பெரும்பாலும் ஒப்பந்தத்தின் அடிப்படையில். படிப்பறைக்குள் நுழையும்போது நாம் கையெழுத்திடும் தாளில், இங்கே பெறும் படத்தை அனுமதியின்றி வெளியிட மாட்டேன் என்ற உறுதிமொழி இருக்கும். பதிப்புரிமை முடிந்துபோன தாளாயினும் அந்த உறுதிமொழி முடிந்துபோவதில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குக் கட்டுப்படுவது ஒரு முஸ்லிமின் கடமை என்பதை ஃபிக்ஹ் படித்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பகங்களின் மீதும் ஒரு கடமை உண்டு. பிரிட்டிஷ் நூலகமும் கத்தார் நிறுவனங்களும் இணைந்து 2014இல் திறந்த கத்தார் மின் நூலகத்தில், வளைகுடா தொடர்பான இந்தியா அலுவலக ஆவணங்களும் அரபு அறிவியல் சுவடிகளும் இடம்பெற்றன. ஒவ்வொன்றின் அருகிலும் அதனை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பது எழுதப்பட்டது. கேட்பவர் கேட்கும் முன்னரே விடையைச் சொல்லிவிடும் இம்முறை, இப்னு கல்தூனின் பத்திரத்தை நினைவூட்டுகிறது. அதே பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் கணினித் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் சொந்தத் தளத்தில் இருந்த சுவடிப் படங்கள் நெடுங்காலம் பார்வைக்குக் கிட்டாமற் போயின. நெருப்புக்கு மட்டுமே அஞ்ச வேண்டிய காலம் போய்விட்டது. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எந்தக் காலத்திலும் பாதுகாப்பன்று.

கேட்கும் முறை

அனுமதி கேட்போர் சிலவற்றைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும். ஆவணத்தின் எண்ணையும் தாளின் பக்கத்தையும் துல்லியமாகக் குறிப்பிட வேண்டும். படம் எந்த நூலில், எம்மொழியில், எத்தனை பிரதிகளில் வரும், அட்டையிலா உள்ளேயா, மின்பதிப்பும் உண்டா என்பவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கல்விப் பணிக்கான, இலாப நோக்கமற்ற வெளியீடு எனில் அதை மறவாமல் எழுத வேண்டும். பல நிறுவனங்கள் அத்தகைய வெளியீடுகளுக்குக் கட்டணத்தைக் குறைக்கவோ விட்டுவிடவோ செய்கின்றன. ஆய்வுக்காகப் படம் எடுக்கப் பெற்ற இசைவை அச்சிடுவதற்கான இசைவாகக் கொள்ளக்கூடாது. முதற் பதிப்புக்குத் தந்த அனுமதி இரண்டாம் பதிப்புக்குச் செல்லும் என்றும் கருதிவிடக்கூடாது. கிடைத்த கடிதத்தை நூல் வெளியான பின்னும் பத்திரப்படுத்த வேண்டும். அது அந்தப் படத்தின் ஸனது ஆகும்.

குடும்பங்களிடம் கேட்கும்போது இன்னும் கூடுதலான பொறுப்பு உண்டு. அங்கே படிவம் இல்லை, கட்டணம் இல்லை, வாய்ச்சொல்லும் நம்பிக்கையுமே உள்ளன. ஆகவே, கேட்பவரே எழுத்தில் எழுதித் தருதல் நலம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் என்பது சிந்தனைக்குரியது. இங்கே மேற்கூறிய மூன்று கேள்விகளுடன் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இத்தாளில் இடம்பெற்றிருப்பவர் யார்? எந்தச் சட்டத்தின் காலக்கெடு முடிந்திருந்தாலும், கடனாளியின் பெயரும், தலாக்கின் காரணமும், சொத்துத் தகராறின் வசைமொழியும் வாழ்ந்துகொண்டிருக்கும் பேரர்களைச் சுடும்.

அந்தக் கணக்கேடு

என் கணக்கேட்டுக்கு வருகிறேன். அந்நிகழ்ச்சிக்குப் பின் முதியவர் தம் வீட்டு அலமாரியை ஆய்வாளர் எவருக்கும் திறக்கவில்லை. முழுக் கணக்கேட்டையும் படம் எடுத்து வைக்கலாம் என்று சில ஆண்டுகள் கழித்து நான் கேட்டபோது, சிரித்துப் பேசி, தேநீர் தந்து அனுப்பிவிட்டார். அவர் மறைந்த பின் வீடு இடித்துக் கட்டப்பட்டது. பழைய தாள்கள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. இருநூறு பக்கங்களுக்கு மேல் இருந்த அந்த ஏட்டில் இன்று எஞ்சியிருப்பவை நான் எடுத்த நான்கு பக்கங்களின் படங்கள் மட்டுமே.

"அனுமதியின்றி எடுத்ததால்தானே அவையாவது மிஞ்சின?" என்று நண்பர் ஒருவர் எனக்கு ஆறுதல் கூறினார். அந்த ஆறுதலை என்னால் ஏற்க இயலவில்லை. முறைப்படி கேட்டிருந்தால், கடன் பட்டியலை விடுத்து வேறொரு பக்கத்தை முதியவரே தேர்ந்து தந்திருப்பார். அலமாரியும் திறந்தே இருந்திருக்கும். இருநூறு பக்கங்களும் படமாகியிருக்கும். நான்கு பக்கங்கள் பிழைத்தது என் செயலால் என்றால், எஞ்சியவை அழிந்ததிலும் என் செயலுக்குப் பங்கு உண்டு. சரயேவோவின் காப்பாளர்கள் கொடுத்த அனுமதி எதைக் காத்தது என்று படிக்கும்போதெல்லாம், நான் கேளாமல் விட்ட அனுமதி எதை அழித்தது என்பதும் உடன் நினைவுக்கு வருகிறது.

அண்மையில் அம்முதியவரின் பேரரைச் சந்தித்து, நான்கு படங்களின் அச்சுப் பிரதிகளையும் ஒப்படைத்தேன். நடந்ததைச் சொல்லி, இனி அவற்றைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி கேட்டேன். ஓர் ஆய்வு நூலில், கடனாளிகளின் பெயர்களை மறைத்து, ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட அவர் இசைந்து கையெழுத்திட்டுத் தந்தார். இக்கட்டுரையுடன் அப்படம் இடம்பெறாததற்கு அதுவே காரணம். அவர் தந்த அனுமதி அந்த நூலுக்கு உரியது, இவ்விதழுக்கு உரியதன்று.